உன் மாமன் சாப்பிடாமல் போன நாள்

கண்ணு,

உன் கல்யாண மலரில் போடுவதற்கு மூன்று பக்கம் எழுதித் தரச் சொல்லி உன் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நல்ல பெண், மரியாதையாகப் பேசினாள். தலைப்புகளையும் அவளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள்: தொழிலில் ஜெயித்தது எப்படி, முதலீட்டில் அம்மாவின் பார்வை, கொடுப்பதில் உள்ள சந்தோஷம். "இன்ஸ்பைரிங்கா இருந்தா போதும் மேடம், மீதியை நாங்க பாலிஷ் பண்ணிக்கறோம்" என்றாள். பத்து நாளாக நோட்டும் பேனாவுமாக இந்தச் செங்கல்பட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்து ஏரியையும் போகிற வருகிற ரயிலையும் பார்த்ததுதான் மிச்சம். ஊருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அதை இருபது வருஷமாகச் சொல்லாமலே ஓட்டிவிட்டேன். இதை மலரில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போடுவதாக இருந்தால் முழுசாகப் போடு. பாதியை வெட்டி மீதிக்குப் பாலிஷ் போடுவதென்றால் கிழித்துப் போட்டுவிடு.

எனக்கு அலுப்பாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலியும் சர்க்கரையும் எல்லோருக்கும் உள்ளதுதான். இது வேறு மாதிரியான அலுப்பு. காலையில் எழுந்ததும் இன்று யார் யாரிடம் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாலே திரும்பப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் நிறுவனம் முழுக்க உன் கைக்கு வருகிறது. வரட்டும். நான் சந்தோஷமாகத்தான் கொடுக்கிறேன். ஆனால் கூடவே இன்னொன்றும் உன் கைக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரிகள் எழும்பத் தொடங்கிய காலத்தில், கட்டட வேலைக்கு வந்தவர்களுக்குக் காலையில் இட்லி கொடுக்க ஆளில்லை. எனக்கு இட்லி ஊற்றத் தெரியும். அவ்வளவுதான் நான் கண்டுபிடித்த தொழில் ரகசியம். நான் ஊற்றினேன், என் அண்ணன், அதாவது உன் மாமா, மூன்று சக்கர வண்டியில் வைத்து மிதித்தார். ரோடு என்று ஒன்று அப்போது கிடையாது, லாரி போய்ப் போய்க் குழியான செம்மண் பாதை. மழை பெய்தால் இறங்கித் தள்ள வேண்டும். சாம்பார் தூக்கின் மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் தள்ளுவார். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு நான் வேன் வாங்கி ஃபேக்டரி கேண்டீன்களைப் பிடித்தேன், அவர் முட்டுக்காட்டில் படகு ஓட்டப் போனார். "எனக்கு தண்ணிதான் பாப்பா சரிப்பட்டு வருது, உன் வேனுக்குள்ள ஒக்காந்தா மூச்சு முட்டுது" என்று சிரித்துக்கொண்டே போனார். அப்போது எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

நான் செய்த ஒரே நல்ல வழக்கம், கடைசித் தட்டில் சாப்பிடுவது. அது உனக்குத் தெரியும், கிண்டலும் செய்திருக்கிறாய். ஷிப்டில் கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் நின்று, அண்டாவின் அடியில் கிடப்பதை வாங்கித் தின்றால்தான் நம் சமையலின் லட்சணம் தெரியும். முதல் தட்டு எல்லா கேண்டீனிலும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் நான் இந்த வழக்கத்தை விட்டேன். ஒரே மாதத்தில் மூன்று கம்பெனி கான்ட்ராக்டை வாரிப்போட்டுக்கொண்டு, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து போனிலேயே சமையல் நடத்தினேன். ஒருநாள் கைகழுவும் இடத்துக்குப் போனால், சோறும் குழம்புமாகத் தட்டுகள் தொடாமல் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருத்தர் கத்தவில்லை, ஒருத்தர் புகார் எழுதவில்லை. வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே இரண்டு கான்ட்ராக்டைக் கைகூப்பித் திருப்பிக் கொடுத்தேன். என்னைக் கோழை என்று சொன்னவர்களும் உண்டு.

இரண்டாவது தலைப்பு முதலீடு. பணம் கொஞ்சம் சேர்ந்ததும் எல்லோரும் போலவே நானும் கடலோரம் ஓடினேன். மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு மனை, கடல் தெரியும் என்று சொல்லி வாங்கினேன். தெரிகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு, உப்புக் காற்றில் துருப்பிடித்த கேட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டு வருகிறேன். அப்புறம் ஒரு ரிசார்ட்டில் கூட்டுச் சேர்ந்தேன். சோறு போடுகிறவளுக்கு மெத்தை விரிக்கிற தொழில் என்ன தெரியும்? கூட்டுச் சேர்ந்தவர் நல்லவர்தான், அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எனக்கு மிஞ்சியது பாய்லரும் குளிர் அறையும், இருபது வருஷமாக என்னை விட்டுப் போகாத ஏழெட்டு சமையல்காரப் பெண்களும்தான். அவர்களின் மாவுப் பதம் எந்த மெஷினுக்கும் இன்னும் வரவில்லை. இப்போது நீ ஐந்து ஊரில் கிளை திறக்கப் போகிறாய், பெரிய ஃபண்டுக்காரர்கள் வந்து போகிறார்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர்கள் ஒரு வேளை சாப்பிடட்டும் என்று. நீ அவர்களை மீட்டிங் ரூமில் உட்கார வைத்து முதல் ஈட்டில் எடுத்த சாப்பாட்டை வாழையிலையில் போட்டாய். அவர்கள் சூப்பர் என்றார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாவது தலைப்புக்கு வருகிறேன். கொடுப்பது. என் பேரில் அறக்கட்டளை தொடங்கப் போவதாகவும் என் படம் போட்டு போர்டு ரெடியாகிவிட்டதாகவும் சொன்னாய். நான் கொடுத்திருக்கிறேன் கண்ணு, கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின், கோயிலுக்குக் கதவு, சர்ச்சுக்கு நாற்காலி, காலேஜ் ஃபீஸ், ஆபரேஷன். ஒவ்வொன்றுக்கும் சால்வை போட்டார்கள், பீரோ நிறைய சால்வை கிடக்கிறது. ஆனால் கொடுப்பதென்றால் என்ன என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது என்பதைப் போன வாரம் உன் ஃபங்ஷன் லிஸ்டைப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

கல்யாணத்தை எடுத்து நடத்துகிறவர்கள் அனுப்பிய லிஸ்ட் அது. கடற்கரை ஹோட்டல் வாசலில் செண்டை மேளம், அதற்கடுத்து "தாய்மாமன் என்ட்ரி, இருபத்தோரு தட்டு" என்று போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. தட்டுகள், பட்டு, கைச்சங்கிலி எல்லாம் நம் ஆபீஸே வாங்கி, இரண்டு நாள் முன்பே முட்டுக்காட்டில் மாமா வீட்டில் இறக்கிவிட வேண்டும். மாமாவுக்கும் மாமிக்கும் உடுத்தத் துணி, ஏறிவர ஏ.சி. கார். "ஃபேமிலி அப்ரூவ்ட்" என்று உன் கையெழுத்து. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மாமா வெறுங்கையோடு வந்து நாலு பேர் எதிரில் கூசக்கூடாது என்று நினைத்திருப்பாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதையே இதே காரணத்துக்காக உனக்கு ஏழு வயதில் நான் செய்திருக்கிறேன்.

உனக்குக் காது குத்தினோமே, நம் ஊர் அம்மன் கோயிலில். உனக்கு ஐஸ்கிரீம் வண்டிதான் ஞாபகமிருக்கும். அப்போதுதான் நமக்கு முதல் கார் வந்திருந்தது. ஃபேக்டரி ஆபீசர்கள் குடும்பத்தோடு வரப்போகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமன் சீர் வர வேண்டும். படகு ஓட்டுகிறவர் என்ன பெரிதாகக் கொண்டுவந்துவிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு. பதினொரு பித்தளைத் தட்டு, பட்டு வேட்டி, பட்டுப் புடவை, உனக்கு ஒரு சங்கிலி, கல் வைத்த கம்மல் எல்லாம் நானே வாங்கி, மேனேஜரிடம் கொடுத்து, விடிந்ததும் வேனில் மாமா வீட்டுக்கு அனுப்பினேன். "நீங்க கொண்டாந்த மாதிரி கொண்டாந்துடுங்க" என்று சொல்லியனுப்பினேன். உன் அப்பா முந்தின நாளே சொன்னார்: "வாணாம்மே. அவரு கொண்டாறத அவரு கொண்டாரட்டும். இன்னா கொறஞ்சிடப் போவுது நமக்கு?" உனக்கொன்றும் தெரியாது என்று அவர் வாயை அடைத்தேன். உன் அப்பாவை நான் நிறைய தடவை அப்படி அடைத்திருக்கிறேன், இப்போது அடைக்க ஆளில்லை.

அண்ணன் நடந்து வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, மாமி ஒரு தட்டும் அவர் ஒரு தட்டுமாக. ஒன்றில் பழமும் பூவும், இன்னொன்றில் உனக்கு ஒரு சட்டை, அரை டிரவுசர், நகைக்கடை ரோஸ் காகிதத்தில் மடித்த ஒரு ஜோடிச் சின்னக் கம்மல். வேனை அவர் தொடவேயில்லை. தொடவில்லை என்றால் மேனேஜர் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அவனுக்கு நான் சொன்ன வேலை முடிய வேண்டும். பின்னாலேயே வேனை ஓட்டிவந்து, பதினொரு தட்டையும் இறக்கி, மைக்கில் "தாய்மாமன் சீர் வரிசை" என்று அறிவித்துவிட்டான். ஆபீசர் வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். நம் சொந்தக்காரர்களுக்குத் தெரியாதா? ஒருத்தன் உரக்கவே கேட்டான்: "இன்னா அண்ணாத்த, முட்டுக்காட்ல வல போட்டா இப்பல்லாம் தங்கம் மாட்டுதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட அண்ணன் மறந்திருப்பார். அவர் மடியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு "எந்தக் கம்மல்மா?" என்று கேட்டார். ரோஸ் காகிதம் அண்ணன் கையில் பிரிந்திருந்தது. நான் கல் வைத்த கம்மலைக் காட்டினேன். யோசிக்கக்கூட இல்லை கண்ணு. போட்டோவில் எது நன்றாக விழும் என்று பார்த்தேன், காட்டினேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நீ தலையை ஆட்டாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குத்தி முடித்ததும் துண்டால் உன் கண்ணைத் துடைத்து உன்னை என்னிடம் கொடுத்தார். கிளம்பிவிட்டார். அன்று பந்தியில் அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். அண்ணன் சாப்பிடவில்லை என்பது சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் நம் வீட்டில் கை நனைத்ததில்லை. சண்டையும் போட்டதில்லை, அதுதான் கொடுமை. பேசினால் பேசுவார், உன்னைப் பார்த்தால் "இன்னா மாப்ள, நல்லாக்கீறியா?" என்பார். உன் அப்பா போனபோது மூன்று நாள் கூடவே நின்றார், தோள் கொடுத்தார், எல்லாக் காரியத்தையும் அவர்தான் பார்த்தார். குடிக்கிற தண்ணீரைத் தெருமுனைக் கடையில் வாங்கிக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகத் தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக்குத் துணி அனுப்பினேன், அவர் பெண்ணின் படிப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று ஆள் அனுப்பினேன். எல்லாம் மரியாதையாகத் திரும்பி வந்தன. ரோஷக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் கொடுத்துக்கொண்டே இருந்தேனே ஒழிய, அவர் கொண்டுவந்ததை ஒருநாள் வாங்கிக்கொள்ளவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் மிதித்த மிதியில் வந்தவள் நான். அதை வாங்கிக்கொண்டபோது எனக்குக் கூச்சமில்லை. காசு வந்த பிறகுதான் அவருடைய சின்னக் கம்மல் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

லிஸ்டைப் பார்த்த மறுநாள் முட்டுக்காட்டுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் வழியில் பழமும் ஸ்வீட்டும் வாங்கிவிட்டேன், காரிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய் எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே புரியவில்லை. மத்தியான நேரம், அண்ணன் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"வா. இந்த வெயில்ல இன்னாத்துக்கு வந்த?" என்றார்.

"பசிக்குதுண்ணா. சோறு போடு."

அவர் மாமியைப் பார்த்தார். மாமி எழுந்தவர் தயங்கி நின்றார். "மடவ மீன் கொழம்புதான் கீது. உனுக்கு சக்கர வேற கீதேம்மா."

"இருக்கிறதைப் போடு அண்ணி."

போட்டார்கள். தரையில் உட்கார முழங்கால் மடங்கவில்லை, அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் சாப்பிட்டேன். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். தொழில் புத்தி, நாக்கு அதைச் சொல்லிவிட்டது. வாய் திறக்காமல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் யாருக்கோ போட்ட சோறில்லை, எனக்கு ஒருத்தர் போட்ட சோறு. அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்று நினைக்காதே, பசித்தது, சாப்பிட்டேன். கை கழுவி வந்த பிறகுதான் பேச்சு வந்தது. காது குத்தின அன்று தப்புச் செய்துவிட்டேன் என்றேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது ஆயிப்போச்சு, வுடு" என்றார். விடவில்லை என்று குரலில் தெரிந்தது. இருபது வருஷத்தை ஒரு மடவைக் குழம்பில் தீர்த்துவிடலாம் என்று போனவள்தான் முட்டாள்.

கல்யாணத்துக்கு வரணும்ணா என்றேன்.

"பத்திரிக வந்துச்சு" என்றார் அண்ணன். "உங்க ஆபீஸ் டிரைவர் தம்பி வந்துச்சு. குட்த்துட்டு, நான் வாங்கறத போன்ல போட்டோ புட்ச்சிகினு போச்சு. இன்னாத்துக்குப்பா போட்டோன்னேன். டெலிவரி ஆச்சுன்னு ஆபீஸ்ல காட்டணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவன் வேலையை அவன் செய்தான், அவனைத் திட்டாதே. பத்திரிகை வைக்கத் தாய்மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு நாம் போயிருக்க வேண்டும், அதுவும் முதல் பத்திரிகை. நீ ஃபண்டுக்காரர்களோடு பம்பாயில் இருந்தாய். நான் கால்வலி என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வாசலில் நிற்க எனக்குத் தைரியமில்லை.

கிளம்பும்போது அண்ணன் கார்வரை கூட வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், முடிவாகச் சொன்னார்: "நீ வந்த, சோறு கேட்ட, போட்டேன். அது நமக்குள்ள. கல்யாணம் அவனோடது, அவன்தான் வந்து கூப்டணும். ஒன்னு மட்டும் அவன கேளு பாப்பா. அவனுக்கு மாமன் வேணுமா, இல்ல மாமன் மாதிரி மேடையில நிக்க ஒரு ஆளு வேணுமா? ஆளுதான் வேணும்னா அந்த மேளக்காரங்களே நல்லா டிரஸ் பண்ணி ஒருத்தன அனுப்புவானுங்க. நான் எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு தகவல் சொல்கிற மாதிரி கேட்டுவிட்டு, படகுத்துறைப் பக்கம் நடந்துவிட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது, நடையில் ஒரு சாய்வு வந்துவிட்டது. நான் காரில் உட்கார்ந்து, "என் மகன் அப்படிப்பட்டவன் இல்லண்ணா" என்று சொல்ல வாயெடுத்தேன், கேட்க அவர் அங்கே இல்லை. அவர் நின்றிருந்தாலும் அதை நான் சொல்லியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டே கேளம்பாக்கம்வரை வந்தேன். நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு. நல்லவன், சுறுசுறுப்பானவன், என்னைவிடப் பத்து மடங்கு சம்பாதிப்பாய். இந்த ஒரு கேள்விக்கு நீ என்ன சொல்வாய் என்று மட்டும் தெரியவில்லை.

அதனால் பதிலை என்னிடம் சொல்லாதே. லிஸ்டில் அந்த வரியை அடித்துவிடு. தட்டு, துணி, கார் எதுவும் போக வேண்டாம். படூரில் இருக்கிறவனுக்கு முட்டுக்காடு தூரமில்லை. மாமா மத்தியானம் ஒரு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார், ஒரு மணி நேரத்தில் படகுத்துறைக்குத் திரும்பிவிடுவார். கட்டிக்கொள்ளப் போகிறவளையும் கூட்டிக்கொண்டு போ. வெற்றிலை பாக்கு மட்டும் கையில் இருக்கட்டும். கல்யாணத்தன்று அவர் என்ன கொண்டுவந்தாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதை நீ எல்லோர் எதிரிலும் போட்டுக்கொள்வாயா என்று போகிற வழியில் உன்னையே கேட்டுப் பார். மாட்டேன் என்று மனசு சொன்னால் பாதியிலேயே வண்டியைத் திருப்பிவிடு, இன்னொரு தடவை அவரை வாசலில் வைத்து ஏமாற்றாதே.

திரும்பவில்லை என்றால், வழியில் எங்கேயும் சாப்பிட்டுவிடாதே. பசியோடு போ.

அம்மா